பத்து வெள்ளி ரோபோவின் மூட்டுகள்

கெடாவின் மெர்போக் சுற்றுவட்டாரத்தில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை கூடும் எந்த நாளிலும் பொம்மை விற்பவரின் மேசையில் ஓர் உருமாறும் ரோபோ உட்கார்ந்திருக்கும். லாரியாகவோ காராகவோ நிற்பதைப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மடக்கித் திருப்பினால் கை, கால், தலை எல்லாம் வெளியே வரும். பெட்டியில் அச்சடித்த பெயர் அசல் பெயரிலிருந்து ஓரெழுத்து தள்ளி இருக்கும். விலை பத்து வெள்ளி, பேரம் பேசத் தெரிந்தவருக்கு எட்டு. வீட்டுக்கு வந்த சில நாளில் ஒரு கை தொங்கத் தொடங்கும், ஸ்டிக்கர் உரியும், கார் வடிவத்தில் கதவு சேராமல் பிளந்து நிற்கும்.

இந்தக் குறைப் பொம்மையை எடுத்துத் திருத்தி, சாயம் மாற்றி, வேறொரு பொம்மையின் உறுப்பை இதற்குப் பொருத்தித் தனதாக்கிக்கொள்வது உலகம் முழுக்க நடக்கும் ஒரு பொழுதுபோக்கு. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் காற்றழுத்தச் சாயத் துப்பாக்கியும் ஜப்பானிய இடுக்கியும் வைத்திருப்பவர்கள். என் கேள்வி வேறு. ஹார்ட்வேர் கடையிலும் அடுப்படியிலும் கிடைப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எதுவரை போகலாம்? அளவுகோலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்தபின் அந்தப் பொம்மை உருமாற வேண்டும். அழகாகச் சாயம் பூசி, மடக்கினால் உரியும் என்று அலமாரியில் பூட்டி வைத்தால் அது சிலை. சிலை செய்ய உருமாறும் ரோபோ தேவையில்லை.

மலிவு இந்தப் பொம்மைக்குப் பிற்காலத்தில் வந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஜப்பானின் தகாரா நிறுவனம் 1980இல் 'டயாக்ளோன்' வரிசையைத் தொடங்கியது. நிஜக் கார்கள் ரோபோவாக மாறும் பொம்மைகள் 1982 முதல் அதில் சேர்ந்தன. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றையும் தகாராவின் இன்னொரு வரிசையான 'மைக்ரோ சேஞ்ச்' பொம்மைகளையும் வாங்கி, கதையும் பெயரும் கொடுத்து 1984இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று விற்றது. அதே காலத்தில் பண்டாய் நிறுவனம் உள்ளங்கை அளவில் 'மெஷின் ரோபோ' என்ற எளிய பொம்மைகளை விற்றுக்கொண்டிருந்தது. விலை 600 யென். வரிசையின் பெயரிலேயே அந்த 600 ஒட்டிக்கொண்டது. டோங்கா நிறுவனம் அவற்றை 'கோபாட்ஸ்' என்று மேற்கே கொண்டுபோனது. மூன்று நான்கு மடக்கில் உருமாறும், குறைந்த உறுப்புகள் கொண்ட மலிவு ரோபோ இப்படி அசல் பிறந்தபோதே கூடப் பிறந்தது. பசார் மாலாம் மேசையில் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர்ஸின் முகமூடி போட்ட கோபாட்ஸ் என்பேன்.

விலையைப் பார்ப்போம். பெட்டியில் அசல் முத்திரையோடு வரும் நடுத்தர அளவு ரோபோ இன்று மலேசியக் கடைகளில் நூறு வெள்ளியைத் தாண்டுகிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளிச் சொச்சம். அசல் ரோபோ ஒன்று ஏறக்குறைய இரண்டு நாள் கூலி. அதைப் பிரித்து, அறுத்து, துளை போட எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. பத்து வெள்ளிப் பொம்மையின் முதல் தகுதி இதுதான்: கெட்டாலும் வீட்டில் சண்டை வராது.

இரண்டாவது தகுதி, அது எங்கெங்கே மலிவாக்கப்பட்டதோ அங்கெல்லாம் நமக்குக் கை வைக்க இடம் கிடைக்கிறது. பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்தக் கை கால்களின் பின்பக்கத்தைக் குடைந்து விட்டிருப்பார்கள்; அந்தக் குடைவு நிரப்பக் காத்திருக்கும் இடம். அசல் பொம்மையில் உலோக ஊசி அடித்து இறுக்கிய பல மூட்டுகளில் மலிவுப் பொம்மைக்குச் சின்ன ஸ்குரூ இருக்கும். அடித்த ஊசியை எடுப்பது பாடு. ஸ்குரூவைக் கழற்றச் சிறிய ஸ்குரூ டிரைவர் போதும். சாய வேலை அதிகம் இல்லாததால் சுரண்டி எடுக்கவும் அதிகம் இல்லை. ஒரே அச்சில் வார்த்ததைச் சிவப்பு, நீலம், கறுப்பு, மஞ்சள் என்று நான்கு நிறத்தில் விற்பார்கள். இந்தக் கடைசி விஷயத்தின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று வாங்கி உறுப்புகளை மாற்றிப் போட்டால் ஒரு சொட்டுச் சாயம் இல்லாமல் இரண்டு புது ரோபோ. நிறம் பிளாஸ்டிக்கின் உள்ளேயே இருப்பதால் எத்தனை முறை மடக்கினாலும் உரியாது. இந்தத் துறையில் இதைவிடச் சுத்தமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

பொம்மை என்றால் எங்கோ சீனாவில் செய்வது என்ற எண்ணம் நம் வட்டாரத்துக்குப் பொருந்தாது. ஹாட் வீல்ஸ் கார்களின் அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் மலேசியாவில் செய்தது என்று பொறித்திருக்கும். அவற்றைச் செய்யும் மேட்டல் நிறுவனத்தின் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்திலிருந்து பிறையில் இயங்கிவருகிறது. சுங்கைப் பட்டாணி வட்டாரத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போய்வரும் தூரம். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் அழுத்துவதும், சாயத்தின்மேல் பட்டை பட்டையாக வடிவம் அச்சிடுவதும், அடித்தட்டை மேலுடலோடு ஆணித்தலை நசுக்கிச் சேர்ப்பதும் அன்றாட வேலையாகத் தெரிந்தவர்கள் பிறையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உண்டு. பொம்மையைத் திருத்துகிறவனுக்கு அந்தக் குட்டிக் கார் உதிரிபாகக் கிடங்கு. நசுங்கிய ஆணித்தலையை 3 மி.மீ. துளையாணியால் மெல்லக் குடைந்தால் அடித்தட்டு கழன்று வரும். அச்சாணியோடு நான்கு சக்கரம் கிடைக்கும். மலிவு ரோபோவின் சக்கரம் பெரும்பாலும் உருளாது, வெறும் தோற்றத்துக்கு இருக்கும். அதை எடுத்துவிட்டு இதைப் பொருத்தினால் கார் வடிவத்துக்கு உயிர் வந்துவிடும். இரும்பு அச்சாணியின் எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரோபோ வடிவத்தில் அந்தச் சக்கரங்கள் தோளிலோ முதுகிலோ போய் உட்கார்ந்தால் பொம்மை பின்னால் சாயும். பாதத்தின் பின்பக்கம் சிறு குதிகால் ஒன்று ஒட்டித்தான் அதை நிறுத்த முடியும்.

இனி பிளாஸ்டிக். இங்கேதான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. எந்தப் பசை ஒட்டும், எந்தச் சாயம் நிற்கும், சுடுநீரில் வளையுமா உடையுமா என்பதெல்லாம் அது என்ன பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்தது. பொம்மையில் எழுதியிருக்காது. சமையலறையே கண்டுபிடித்துக் கொடுக்கும்.

உறுப்பைத் தனியே கழற்றி, ஸ்குரூவை எடுத்து, குடைவில் காற்று தங்காமல் நல்ல தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். இதில் பசையும் ஒட்டாது, சாயமும் நிற்காது; மாற்றம் வேண்டுமென்றால் துளை போட்டு ஸ்குரூ முடுக்குவது ஒன்றே வழி. மூழ்கினால், தண்ணீரில் உப்பைக் கரையும் மட்டும் கரையுங்கள். நூறு மில்லி தண்ணீருக்குச் சுமார் 36 கிராம் உப்பு ஏறும். இப்போது எழும்பி மிதந்தால் அது ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன். அவற்றின் அடர்த்தி 1.05 அளவில், உப்புநீரின் அடர்த்தி 1.2. உப்புநீரிலும் அடியில் கிடந்தால் பெரும்பாலும் பிவிசி. வாளும் கொம்பும் மென்மையான முகமும் பிவிசியாகவும், உடலும் கை காலும் ஏபிஎஸ்ஸாகவும் இருப்பது வழக்கம். ஒரே பொம்மையில் மூன்று வகையும் கலந்திருக்கலாம் என்பதால் ஒவ்வோர் உறுப்பையும் தனியே சோதிக்க வேண்டும்.

ஏபிஎஸ்தான் திருத்துகிறவனின் நண்பன். லெகோ கட்டைகள் 1963 முதல் இதில்தான் வார்க்கப்படுகின்றன. சுரண்டலாம், அறுக்கலாம், தேய்க்கலாம். அசிட்டோன் அதைக் கரைக்கும். உடைந்த ஏபிஎஸ் துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் சிறிது அசிட்டோன் ஊற்றி ஓரிரவு வைத்தால் கூழாகும். அந்தக் கூழ் பசையாகவும் வேலை செய்யும், இடுக்கை அடைக்கவும் உதவும். காய்ந்தபின் அது அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்த்தால் இணைப்பே தெரியாது. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், இப்போது பலவற்றில் அசிட்டோன் கிடையாது. அசிட்டோன் பெட்ரோல் போல் பற்றும். அடுப்பும் சாமி விளக்கும் இருக்கும் இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

பிவிசிக்கு வேறு குணம். வளைந்த வாளைக் கொதிநீரில் சில விநாடி முக்கி, நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் நேராகவே நிற்கும். ஏபிஎஸ் இதற்கு மசியாது, அது இளகச் சுமார் 105 பாகை வேண்டும். மென்மையான பிவிசியில் கலந்திருக்கும் இளக்கும் பொருள் மெல்ல மெல்ல வெளியே கசியும். அதன்மேல் ஹார்ட்வேர் கடை ஸ்ப்ரே அடித்தால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், விரல் ரேகை பதியும். இதற்கு மருந்து தேடிப் பணம் செலவழிப்பதைவிட அந்த உறுப்பைச் சாயம் பூசாமல் விட்டுவிடுவது மேல். தங்கநிற மினுக்கு கலந்த பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980களின் இறுதியிலிருந்து வந்த சில அசல் பொம்மைகளில்கூட இந்த வகைப் பிளாஸ்டிக் ஆண்டுகள் போகப்போகத் தானாகப் பொடிந்துபோகிறது. சேகரிப்பவர்கள் அதற்கு நோய்போல ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பழைய பொம்மையில் மினுக்குத் தங்கம் கண்டால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுங்கள்.

மூட்டுக்கு வருகிறேன். மலிவு ரோபோ வாங்கியவர் முதலில் செய்ய நினைப்பது சாயம் பூசுவது. அதைக் கடைசியில் செய்ய வேண்டும். தொங்கும் கையில் தங்கம் பூசினாலும் தொங்கும்.

தளர்ந்த பந்துமூட்டைக் கழற்றி, பந்தின்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்து, நன்றாகக் காயவிட்டு மாட்ட வேண்டும். போதாவிட்டால் இன்னொரு பூச்சு. சூப்பர் குளூ இன்னும் கெட்டியாக நிற்கும். ஆனால் முழுக்கக் காய்வதற்குள் மாட்டினால் மூட்டு அப்படியே உறைந்துவிடும், அதன்பின் பொம்மைக்கு வாழ்நாள் முழுக்க ஒரே சலாம்தான். சூப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தில் இறுகும் பொருள். நம் ஊர் ஈரத்தில் குளிர்நாட்டுக்காரர் சொல்லும் நேரத்தைவிடச் சீக்கிரம் இறுகும், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்தும் போகும். பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சோடு சேர்ந்தால் விரலைச் சுடும் அளவுக்குச் சூடேறும்.

பைப் பொருத்துகிறவர்கள் திருகுமரையில் சுற்றும் வெள்ளை டேப் ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும். ஊசிமூட்டில் அதை ஒரு சுற்றுச் சுற்றினால் பிடிப்பு வரும், வழுக்கலும் கெடாது. ஊசியே உடைந்திருந்தால் பழைய சைக்கிளின் கம்பி இருக்கிறது. சாதாரண ஸ்போக்கின் தடிமன் 2 மி.மீ., பல பொம்மைகளின் மூட்டு ஊசியும் அதே அளவு. அறுத்து, முனையை அரத்தால் தேய்த்தால் கடையில் வாங்கிய ஊசியைவிட உறுதி.

ஸ்குரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிளாஸ்டிக்கில் உள்ள மரை தேய்ந்துவிட்டது என்று பொருள். ஓட்டையில் சிட்டிகை ஆப்பசோடாவைத் திணித்து ஒரு சொட்டு சூப்பர் குளூ விடுங்கள். அந்தக் கணமே கல்லாக இறுகும். மெல்லிய துளை போட்டு மறுபடி முடுக்கலாம். அவசரத்துக்குப் பல்குச்சிச் சீவல் ஒன்றைச் செருகினாலும் நிற்கும். கழற்றிய ஸ்குரூவை மீண்டும் போடும்போது முதலில் பின்னோக்கி மெல்லத் திருப்ப வேண்டும். பழைய மரையில் 'டக்' என்று விழும். பிறகு முன்னோக்கி முடுக்கினால் புது மரை வெட்டாது. இந்த ஒரு பழக்கம் இருந்தால் பாதிப் பொம்மைகளுக்கு ஆப்பசோடாவே தேவைப்படாது.

மூட்டு சரியான பின்னும் ரோபோ லொடலொடவென்று ஆடினால் குற்றம் நாக்குகளில் இருக்கும். கால் இரண்டும் சேர்ந்து லாரியின் பின்பகுதி ஆகும்போது ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் சிறு நாக்கு நுழைந்து கவ்வ வேண்டும். மலிவு வார்ப்பில் அந்த நாக்கு கால் மில்லிமீட்டர் மெலிந்திருக்கும். சூப்பர் குளூ ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொரு பூச்சு. கார் மூடும்போது 'கிளிக்' கேட்டால் போதும். உருமாறும் பொம்மையின் சூட்சுமம் முழுக்க இந்தக் கால் மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

குடைந்த கை கால்களை நிரப்ப இரண்டு கலவை எபோக்சிக் களிமம் நல்லது; ஹார்ட்வேர் கடையில் கசியும் பைப்பை அடைக்க விற்பது. நிரப்பும் முன் பொம்மையை முழுக்க ஒரு தடவை மடக்கிப் பார்க்க வேண்டும். சில குடைவுகள் மிச்சம்பிடிக்க விட்டவையல்ல, இன்னோர் உறுப்பு மடங்கி ஒளிந்துகொள்ளும் அறைகள். நிரப்பிவிட்டுப் பிறகு மடக்கிப் பார்ப்பவர்கள் முழங்கை எங்கே போவது என்று திகைத்து நிற்கிறார்கள். எடையும் கூடும், கை கனத்தால் இறுக்கிய தோள் மறுபடி தளரும். முன்கைக்கு எபோக்சி, மேற்கைக்கு ஜப்பான் சிலிப்பரின் நுரை ரப்பரை வெட்டிச் செருகுவது என்று பிரித்துக்கொண்டால் எடை கட்டுக்குள் இருக்கும். நுரையை வெட்டி வடிவம் கொண்டுவரும் கை நமக்கு அந்நியமில்லை. சுங்கைப் பட்டாணியின் சித்ரா பௌர்ணமிக்குக் காவடி கட்டுகிறவர்கள் நுரைப் பலகையிலும் அலுமினியச் சட்டத்திலும் செய்வது இதைவிட நூறு மடங்கு பெரிய வேலை. கழற்றி, வேனில் ஏற்றி, கோயில் வாசலில் மறுபடி பூட்டும் காவடி ஒருவகையில் உருமாறும் பொருளே.

காணாமற்போன கைப்பிடி, உடைந்த முகம் போன்றவற்றை நகலெடுப்பதில் நம் வட்டாரத்துக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. மேலைநாட்டுப் பொழுதுபோக்காளர் சிலிக்கோன் அச்சுக்குக் கைநிறையக் கொடுக்கிறார். சிலிக்கோன் வருவதற்கு முன்பும் பின்பும் சிற்ப அச்சுக்குப் பயன்பட்ட பொருள் ரப்பர் பால். நகலெடுக்க வேண்டிய உறுப்பின்மேல் தூரிகையால் மெல்லப் பூசி, வெள்ளை மறைந்து தேன்நிறம் வரும்வரை காயவிட்டு, மறுபடி பூசி, இப்படிப் பத்துப் பூச்சு. உரித்தெடுத்தால் கையுறை போல் கழன்று வரும். உள்ளே முகப்பவுடர் தடவி எபோக்சிக் களிமத்தை அழுத்தினால் நகல் தயார்.

மரத்திலிருந்து இறங்கிய பாலை அப்படியே பூசினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் மங்கிலேயே கட்டியாகும். அதைத் தடுக்க அமோனியா சேர்க்க வேண்டும். மரத்துப் பாலில் ரப்பர் முப்பது நாற்பது விழுக்காடுதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். எனவே காயும்போது நன்றாகச் சுருங்கும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத பால் ஒட்டும், இழுத்தால் இழுத்த வாக்கில் நிற்கும். அச்சுக்கென்றே பதப்படுத்திய அறுபது விழுக்காட்டுப் பால் கைவினைக் கடைகளில் கிடைக்கிறது, அதுதான் சரி. கெடாவில் பாலிங், சிக் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் மரம் சீவினாலும் பெரும்பாலும் கட்டிப்பாலாகவே விற்கிறார்கள். தோம்பு நிறையப் பால் வந்த தோட்டங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்த தலைமுறையின் பேரப்பிள்ளை அச்சுப் பாலைக் குப்பியில் வாங்குகிறான். எப்படி வாங்கினாலும் செம்புக் கம்பி, பித்தளைத் தட்டு எதையும் இந்த அச்சின் பக்கம் கொண்டுவராதீர்கள். செம்பு பட்ட ரப்பர் சீக்கிரம் இற்றுப்போகும்.

மெர்போக் என்றதும் லெம்பா பூஜாங் அருங்காட்சியகத்தையும் கடாரத்தையும் இழுத்து வந்து எதற்கும் முடிச்சுப் போடுவது நம் கட்டுரையாளர்களின் பழக்கம். ரோபோவுக்கும் கடாரம் வென்ற ராஜேந்திர சோழனுக்கும் உறவு சொல்ல நான் வரவில்லை. ஆனாலும் ஒன்றைக் குறிப்பிடாமல் தாண்ட முடியவில்லை. மெர்போக் அருகே பெங்காலான் பூஜாங்கில் அகழ்ந்தபோது மத்திய கிழக்கிலிருந்து வந்த கண்ணாடிக் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. உடைந்த கண்ணாடியே மணி செய்ய உருக்குவதற்கான மூலப்பொருளாக வந்திறங்கியிருக்கலாம் என்று கருதிய தொல்லியலாளர்கள் உண்டு. பிறர் உடைத்ததை வாங்கி வேறொன்று செய்வது இந்த ஆற்றங்கரைக்குப் புதிதில்லை என்றாகிறது.

கடைசியாகச் சாயம். ஸ்ப்ரே டின் பூச்சு ஒன்று காய்ந்தபின் 0.02 முதல் 0.04 மி.மீ. வரை தடிமன் வரும். அடிப்பூச்சு, நிறம், பளபளப்பு என்று மூன்று போட்டால் ஒரு பக்கம் 0.1 மி.மீ. நெருங்கிவிடும். உரசும் இரண்டு முகத்திலும் பூசினால் 0.2. மூட்டில் விட்டிருக்கும் இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் தடவை மடக்கும்போதே சாயம் சுருண்டு வருவதற்குக் காரணம் தரக்குறைவு இல்லை, இடமில்லாமை. உரசும் முகங்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பார்வைக்குத் தெரியும் முகங்களுக்கு மட்டும் பூச வேண்டும். பூசுவதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து கழல்வதற்காகத் தடவிய எண்ணெய் மலிவுப் பொம்மைகளில் தாராளமாகவே ஒட்டியிருக்கும்.

நேரமும் முக்கியம். ஜெராய் மலையடிவாரத்தில் காலையில் காற்று ஈரம் சொட்ட இருக்கும். அந்த நேரத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரைப்பான் ஆவியாகும் குளிரில் ஈரம் படிந்து, கறுப்பு சாம்பலாகவும் சிவப்பு பாலாடை படிந்தது போலவும் வெளுக்கும். வெயில் ஏறிய பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள், நிழலில், ஒரே இடத்தில் கனமாக இல்லாமல் தூவல் தூவலாக அடிப்பது பாதுகாப்பு. தைப்பூசத்தை ஒட்டிய வறண்ட வாரங்கள் இதற்கு ஆண்டின் மிகச் சிறந்த காலம். ஆண்டிறுதி மழைக்காலத்தில் மூட்டு வேலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ப்ரே இல்லாமலும் நிறைய முடியும். பள்ளிக்கூடப் போஸ்டர் கலரில் கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து, ஒரு சொட்டுச் சோப்பு விட்டு, கோடுகளிலும் பள்ளங்களிலும் ஓடவிட்டு, மேற்பரப்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வெறும் பிளாஸ்டிக்காகத் தெரிந்த முகத்தில் திடீரென்று நிழல் விழும். இதற்குத் தடிமனே இல்லை, மூட்டையும் தொடாது. 2பி பென்சிலின் கரித்தூளைக் கறுப்பு உறுப்பில் விரலால் தேய்த்தால் இரும்பின் பளபளப்பு. போட்டோஸ்டெட் கடையில் ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு எண்ணும் பட்டையும் வெட்டி ஒட்டலாம். தமிழ் எண்ணில் பந்தயக் கார் விட ஆசைப்படுபவர்களைத் தடுப்பார் இல்லை. வெயிலில் மஞ்சளித்துப்போன வெள்ளைப் பொம்மைக்கு முடிதிருத்தகங்களில் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைப் பூசி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதே வெயிலில் வைத்தால் வெளுக்கிறது. கையுறை கட்டாயம்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தையில் முடிக்க முடியாது. ஆனால் மிரட்டலும் வேண்டாம். 2007இல் மேட்டல் போன்ற பெரிய நிறுவனமே சாயத்தில் ஈயம் இருந்ததால் இலட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. மலேசியாவில் பொம்மைகளின் பாதுகாப்புத் தரத்துக்கென 2009இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விதிமுறைகள் வந்தன. தரம் ஒத்துப்போன பொம்மையில் எம்.சி. முத்திரை இருக்க வேண்டும். பசார் மாலாம் மேசையில் முத்திரை இல்லாத பெட்டிகளும் இருக்கும். முத்திரை இல்லாத பொம்மையின் சாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே அதை உலரத் தேய்த்துத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்த சேண்ட் பேப்பரால் தேய்த்து, கழிவைத் துடைத்துக் கட்டி எறிய வேண்டும். கண்ணில் எல்இடி விளக்கு வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரியோடு சின்ன விளக்கு ஒன்றிரண்டு வெள்ளிக்குள் முடியும். அந்தப் பேட்டரியைச் சிறுபிள்ளை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். வீட்டில் நான்கு வயதுக்குக் கீழ் யாராவது இருந்தால் ரோபோ குருடாகவே இருக்கட்டும். திருத்திய பொம்மையைச் சின்னப் பிள்ளையிடம் விளையாடக் கொடுப்பதும் இல்லை; நாம் சேர்த்த பசையும் சாயமும் எந்தத் தரச் சோதனையும் தாண்டியவை அல்ல.

அச்செடுத்த நகல் பொம்மையை வாங்குவது நியாயமா என்ற வழக்கு தனியே நடக்கிறது. வடிவமைத்தவனுக்கு ஒரு சென்னும் போகாத பொருள் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. அசலை வாங்கவே முடியாதவன் நகலை வாங்குவதால் யாருடைய வியாபாரம் கெடுகிறது என்ற எதிர்வாதத்திலும் சத்து இருக்கிறது. என் மனம் பழையதை வாங்கும் பக்கம் சாய்கிறது: பழைய பொருள் கடைகளில் அழுக்கேறிக் கிடக்கும் அசல் ரோபோ, கை ஒன்று இல்லாமல் ஐந்து வெள்ளிக்கு அகப்படும். திருத்திய நகலை அசல் பெயரில் விற்பது மட்டும் ஏமாற்று, அதில் விவாதமே இல்லை.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டது, இனி இந்தக் கைவேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வீட்டு இயந்திரங்களில் அதிகம் ஓடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் அறுபது பாகையில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் மதியம் அந்தச் சூடு சாதாரணமாக வரும். கால் மில்லிமீட்டர் கணக்கில் கவ்வ வேண்டிய மூட்டை அதில் அச்சிட்டால் எப்படியும் கையால் தேய்த்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. கைவேலை தப்புவதில்லை.

பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், புனேயில் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டிய அரவிந்த் குப்தாவைத்தான் நினைக்க வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், 1970களின் இறுதியில் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் கல்வித் திட்டத்தோடு சேர்ந்த பின் வாழ்நாள் வேலையாகவே இதை எடுத்துக்கொண்டார், 2018இல் பத்மஸ்ரீ. பொம்மைக்குக் குழந்தை செய்யக்கூடிய மிக நல்ல காரியம் அதை உடைத்துப் பார்ப்பதே என்பது அவர் மேடைகளில் சொல்லிவரும் கருத்து. நம் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் இருக்கிறது. நெம்புகோல், இணைப்பு, பொருளின் தன்மை என்று அதில் தாளில் வரையும் எல்லாமே ஒரு பத்து வெள்ளி ரோபோவின் முழங்காலில் கையால் தொட்டுப் பார்க்கும்படி இருக்கிறது. வகுப்புக்கு நான்கு ரோபோவும் நான்கு ஸ்குரூ டிரைவரும் ஐம்பது அறுபது வெள்ளிச் சமாச்சாரம்.

புதிதாகத் தொடங்குபவர் முதல் முப்பது வெள்ளியை இப்படிச் செலவழிக்கலாம். ஒரே அச்சில் இரண்டு நிற ரோபோ, இருபது. நல்ல முனையுள்ள சின்ன ஸ்குரூ டிரைவர், நான்கு. இதில் மிச்சம்பிடித்தால் ஸ்குரூவின் தலை தேய்ந்து பொம்மை திறக்கவே திறக்காது. நானூறு, எண்ணூறு நம்பர் சேண்ட் பேப்பர் ஒவ்வொன்று, சூப்பர் குளூ ஒன்று, பைப் டேப் ஒன்று. ஆப்பசோடா, பல்குச்சி, நகவெட்டி, நெயில் பாலிஷ் எல்லாம் வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஸ்ப்ரே டின் அடுத்த மாதச் சம்பளத்துக்கு.